வெறியில கிடக்கிறார் எண்டு யார் சொன்னது?

கார்த்திகை மழை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில ஒரு ஐயா சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில ஒரு உரப்பை. நாங்கள் நாலு பேரும் ரோல்ஸ் சாப்பிட்டபடி அவரைத் தாண்டிப் போனோம். "வெறியில கிடக்குது" என்று யாரோ சொன்னது எங்களுக்குக் காணுமாயிருந்தது. கச்சான் விக்கிற அம்மாதான் தட்டிப் பார்த்தா. எழும்பேல்லை. "தம்பி, அந்தப் போனை ஒருக்காத் தாங்கோ" என்றா.

அம்புலன்ஸில வந்தவர்கள் விரலில குத்திப் பார்த்தார்கள். சீனி இறங்கியிருந்தது.

சீனி குறைஞ்சாலும் நாக்குக் குழறும், தள்ளாடும். தலையில அடிபட்டாலும் அப்படித்தான். சரி, குடிச்சே இருக்கட்டும். மல்லாக்கக் கிடந்து சத்தியெடுத்தால் மூச்சடைச்சுச் சாகலாமே! குடிச்சவர் எண்டால் சாகலாம் என்பதுதானா எங்கட தீர்ப்பு?

வீடில்லாமல் அலைகிறவரையும் பிச்சை எடுக்கிறவரையும் குற்றவாளியாக்கும் கட்டளைச் சட்டத்தை வெள்ளைக்காரன் 1841 இல் கொண்டுவந்தான். எங்கட கண்ணும் இன்னும் அந்த வருசத்திலதான் நிக்குது. (முகநூலில போட அவரைப் படமெடுத்த ஆளும் அங்க நிண்டவர்.)

"பிறகு பொலிஸ், கோடு எண்டு அலையேலாது" என்பார்கள். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஆரும் கேட்கேல்லை. 1990 சுவசெரிய, 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுது. காசு இல்லை. இடத்தைச் சொல்லவேணும், மூச்சு இருக்கோ எண்டு பார்த்துச் சொல்லவேணும், வண்டி வரும்வரை பக்கத்தில நிக்கவேணும். அண்டைக்கு எங்கட பஸ் வர இன்னும் அரை மணித்தியாலம் கிடந்தது.