வளைகாப்புல மாப்பிள்ளைக்கும் ஒரு சேர் போடுங்க

மாசமா இருக்கற பொண்ணுகிட்ட நல்ல பாட்டு கேளு, நல்ல கதை படின்னு சொல்றவங்க உடனே இழுக்கறது அபிமன்யுவை. வயித்துக்குள்ள இருந்தே சக்கரவியூகம் கத்துக்கிட்டானாம். சரிங்க, பொறக்காத பிள்ளைக்கே பாடம் எடுக்கறோம். மீசை முளைச்சு, அப்பா ஆகப்போறவனுக்கு யாராவது ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாங்களா?

எங்க தாராபுரம் பக்கம் நடக்கறதைச் சொல்றேன். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணு அம்மா வீட்டுக்குக் கிளம்பிடும். குழந்தைக்கு மூணு மாசமோ அஞ்சு மாசமோ ஆனப்புறம்தான் திரும்பி வரும். மாப்பிள்ளை கம்பெனி வேன்ல திருப்பூர் போய் வந்துக்கிட்டு இருப்பாரு. ஞாயித்துக்கிழமை மட்டும் மாமியார் வீட்டுல விருந்தாளி. குழந்தையைத் தூக்கினா "தலை பத்திரம் மாப்ள"ன்னு நாலு கை வந்து வாங்கிக்கும். அந்தப் பொண்ணு அதுக்குள்ள ராத்திரி முழிப்பு, பால் கட்டு, தையல் வலின்னு பெரிய படிப்பே முடிச்சிருக்கும். இவர் இன்னும் எல்.கே.ஜி. :-) அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை அழுதா, "உனக்குத்தானே தெரியும், நீ பாரு". சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவுல லீமாஸ்டர்ஸ் 1957லயே 46 தம்பதிகளைக் கேட்டார். 38 ஜோடி, முதல் குழந்தை வந்ததும் பெரிய நெருக்கடின்னு சொன்னாங்க. 2000ல ஷபிரோ, காட்மன் குழு வெளியிட்ட ஆய்வுல, தாயான மனைவிகள்ல 67 சதவீதம் பேருக்கு மணவாழ்க்கைத் திருப்தி இறங்கியிருந்துது. ரெண்டுமே சின்ன ஆய்வுதான், ஒத்துக்கறேன். ஆனா இறங்காத வீடுகள்ல என்ன இருந்துச்சுன்னு பாருங்க: புருஷன் பொண்டாட்டி மேல பிரியத்தைக் காட்டினான், அவளோட அன்றாடத்தைக் கவனிச்சு வெச்சிருந்தான். கலிஃபோர்னியாவுல கோவன் தம்பதியர், கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்லேர்ந்து பிரசவத்துக்கு அப்புறம் மூணு மாசம் வரைக்கும், ரெண்டு பேரையும் சேர்த்து வாராவாரம் உட்கார வெச்சுப் பேசவிட்டாங்க. அந்த ஜோடிகளுக்குச் சரிவு குறைஞ்சுது.

நம்ம அரசாங்கமும் சமுதாய வளைகாப்பு நடத்துது. வளையல், கலவை சாதம், சத்துணவு ஆலோசனை... நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனா பேச்செல்லாம் பொண்ணுக்குத்தான். புருஷன் வந்தா வெளியில வண்டிச் சாவியைச் சுத்திக்கிட்டு நிப்பான். 2017 சட்டத் திருத்தம் தாய்க்கு 26 வாரம் லீவுன்னு ஆக்குச்சு. மத்திய அரசு ஊழியரா இருந்தா அப்பனுக்கு 15 நாள். பனியன் கம்பெனிக்காரனுக்கு? சட்டத்துல ஒரு நாள்கூட இல்லை.

"பொம்பளைங்க நடுவுல ஆம்பளைக்கு என்ன வேலை"ன்னு கேக்கற பெருசுகளே, அந்தக் குழந்தை உண்டானதுல அவனுக்கு வேலை இருந்துச்சுங்களே! பீஸ் ரேட்டு ஆளு லீவு போட்டா கூலி போகும்ங்கறது மட்டும் நியாயமான கேள்வி. அப்போ ஞாயித்துக்கிழமை வைங்க. அம்மா வீட்டுக்கே அனுப்பாதீங்கன்னு நான் சொல்லலை. அந்தக் கவனிப்பு வேற எங்கயும் கிடைக்காது. அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் சேர்த்து ரெண்டு மணி நேரம் உட்கார வைங்க. பால் குடிச்ச குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டறது எப்படி, ராத்திரி யார் எப்போ எழுந்திருக்கறது, பொண்டாட்டி வாரக்கணக்கா அழுதுக்கிட்டே இருந்தா அது திமிர் இல்லை, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்... இதையெல்லாம் அந்த ஆளு காதுல போடுங்க.