சாய்ந்த தரையில் மீன்தொட்டி



சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். பிள்ளைகளின் நெடுநாள் ஆசைக்காக அவர் அனுப்பிய பணத்தில் மூன்றடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். கொண்டு வந்த பையன்கள் இரும்புத் தாங்கியைக் கூடத்தில் நிறுத்தியபோது அது ஒரு மூலையில் ஆடியதாம். அட்டை ஒன்றை நான்காக மடித்து அந்தக் காலின் கீழ்ச் செருகி, நீரையும் நிரப்பிவிட்டுச் சென்றுவிட்டார்களாம். சின்ன மகள் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் மீன் பார்க்கிறாள், இது தாங்குமா என்று அந்தச் சகோதரி கேட்டிருந்தார்.

இதழ் வெளிவரும் வரை காத்திருக்கும் செய்தியன்று இது. ஆகவே மின்விசைக் குழாயின் இணைப்பை நிறுத்தி, மீன்களை வேறு பாத்திரத்திற்கு மாற்றி, தொட்டி நீரை அன்றே இறைத்துவிடுமாறு தனிக்கடிதம் எழுதிவிட்டேன். அதன் காரணங்களை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் பாரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 90 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியில் ஏறக்குறைய 120 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, கூழாங்கல், தாங்கி யாவும் சேர்ந்தால் 160 கிலோவுக்குக் குறையாது. இரண்டு பெரியவர்கள் இரவும் பகலும் அந்தத் தாங்கியின் மேல் இறங்காமல் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு கால்களும் ஊன்றியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் 40 கிலோ. ஒரு கால் அந்தரத்தில் நின்றாலோ, பெரும் பாரம் எதிரெதிர் மூலைகளிலுள்ள இரண்டு கால்களின் மேல் விழுகிறது, சட்டமும் முறுக்கிக்கொள்கிறது.

இந்த முறுக்குதான் கேடு. தரைச் சரிவைக் கண்டு அஞ்சுகிறவர்கள் பலர். சரிவினால் ஒரு பக்கத்தில் நீர் ஒரு செ.மீ. கூடுதலாக நின்றால் அங்கே அழுத்தம் மிகுவது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. அதனாலேயே கண்ணாடி உடைந்துவிடாது. ஆனால் ஒரு மூலை தாழ்ந்து மற்ற மூன்றும் உயர்ந்து நின்றால், வளையத் தெரியாத கண்ணாடியை வளைக்க முயல்வதாகிவிடும். மூலைகளை இணைக்கும் சிலிக்கான் பசை சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும். அல்லது அடிக்கண்ணாடி ஒருநாள் சட்டென்று கீறும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. இரண்டடித் தொட்டி ஒன்றைப் பழைய மேசையின் மேல் வைத்து, ஆடிய காலுக்கு நாட்காட்டி அட்டையை மடித்து வைத்தவன் நானேதான். கூடம் கழுவும் போதெல்லாம் அட்டை ஊறியது. ஊறிய அட்டை நசுங்கியது. மூன்றாம் வாரம் விடியற்காலையில் ஐம்பது லிட்டர் நீரும் கூடத்தில்! மீன்களைச் சோற்றுப் பானையில் போட்டுக் காப்பாற்றிய என் உம்மா, அந்தப் பானைக்காக என்னை நெடுநாள் விடவில்லை.

நம் வீட்டுத் தரைகள் சரிந்திருப்பது பெரும்பாலும் கொத்தனாரின் பிழையன்று. கழுவி விடும் நீர் முற்றத்திற்கோ வாசலுக்கோ ஓடிவிட வேண்டும் என்றே வாட்டம் கொடுத்துத் தளம் போடுகிறார்கள். அடிக்கு ஒரு நூல் வாட்டம் என்றால், மூன்றடித் தாங்கியின் இரு முனைகளுக்கும் மூன்று நூல், அதாவது ஏறக்குறைய ஒரு செ.மீ. வேறுபாடு வந்துவிடும்.

ஆகவே தொட்டியை ஏற்றுமுன் வெறும் தாங்கியை அதற்குரிய இடத்தில் நிறுத்துங்கள். தரையைத் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஓசை எழுப்பும் ஓடுகளைத் தவிர்த்துவிடுங்கள். பாரம் ஏறினால் அவை விரியும். பின் கொத்தனாரிடமுள்ள ரசமட்டத்தை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வைத்துப் பாருங்கள். மட்டத்தையே முனை மாற்றித் திருப்பி வைத்தாலும் குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும். இல்லையேல் குறை கருவியில்தான். கைப்பேசியிலும் மட்டம் பார்க்கலாம் என்பார்கள். ஒரு சாண் நீளக் கருவி மூன்றடிச் சட்டத்திற்குப் போதாது. நேரான பலகை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தால் ஓரளவு பயன்படும்.

தாங்கியே முறுக்கியிருக்கிறதா என்பதை அறிய இரண்டு நூல் கயிறுகள் போதும். மேற்சட்டத்தில் மூலைக்கு மூலை குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று மெல்லத் தொட்டால் சட்டம் சமம். மேல் கயிற்றைக் கீழாக மாற்றியும் பாருங்கள். இடைவெளி விழுந்தாலோ, ஒன்றையொன்று அழுத்தினாலோ முறுக்கு உண்டு. தரை சமமாக இருந்தும் இப்படியானால் பற்றவைத்துத் தந்தவரிடமே அதைத் திருப்பிக் கொடுப்பது நலம்.

தாழ்ந்த காலின் கீழ் வைக்க வேண்டியது தட்டையான இரும்புத் தகடு, அல்லது கெட்டியான பிளாஸ்டிக் தகடு. அட்டை, காகிதம், மிருதுவான மரச்சில்லு ஆகியவை ஆகா. கூரிய ஆப்பைச் செருகினால் கால் அதன் ஒரு விளிம்பில் மட்டுமே நிற்கும். நான்கு கால்களின் கீழும் உள்ளங்கை அளவு தகடு ஒவ்வொன்று இருந்தால் தரைக்கும் நல்லது. ஒன்றை மறவாதீர்கள்: சரிசெய்வது தாங்கிக்கும் தரைக்கும் இடையேதான். தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையே எதையும் ஓரிடத்தில் மட்டும் செருகலாகாது. அடிக்கண்ணாடி அந்த இடத்திலேயே கீறும். சட்டமில்லாத தொட்டியின் கீழ் முழுவதுமாக விரிக்கும் தெர்மோகோல், மணற்பருக்கை போன்ற சிறு மேடுகளை ஏற்றுக்கொள்ளும். அது சரிவை நீக்காது, முறுக்கையும் நீக்காது. கடைக்காரர்கள் எதற்கெடுத்தாலும் அதையே மருந்தாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

பிறகு தொட்டியை ஏற்றி மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றுங்கள். இனி ரசமட்டம் தேவையில்லை. நீர் எப்போதும் மட்டமாகவே நிற்கும். மேல் விளிம்பிலிருந்து நீர்க்கோடு வரை நான்கு மூலைகளிலும் அடிக்கோலால் அளந்து பாருங்கள். வேறுபட்டால் நீரை இறைத்துவிட்டே தகட்டை மாற்ற வேண்டும். நிறைந்த தொட்டியை நெம்புகோலிட்டுத் தூக்குவது ஒருபோதும் வேண்டாம். முழுதும் நிரப்பி ஒரு நாள் கழித்து மீண்டும் அளந்த பின்னரே மீன்களை விடுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரி சென்ற வாரம் மீண்டும் எழுதியிருக்கிறார். தெருவிலிருந்த கொத்தனாரை அழைத்துப் பார்த்ததில் முற்றத்துப் பக்கத்து மூலை நான்கு நூல் தாழ்ந்திருந்ததாம். செருகியிருந்த அட்டை ஈரத்தில் கூழாகிவிட்டிருந்ததாம். இப்போது நான்கு தகடுகளின் மேல் தாங்கி ஆடாமல் நிற்கிறது. சின்ன மகளுக்குத் தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாராம்.