இலைவழி உரம்: சங்கங்கள் செய்யத்தக்கது யாது?

வராக நதிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் கரும்பும் தென்னையும் விளையும் ஜெயமங்கலம் வட்டாரத்தில், இயற்கை இலைவழி உரத்தைப் பற்றிப் பேசாத விவசாயி இன்று அரிது. பஞ்சகவ்யம், மீன் அமிலம், கடற்பாசிச் சாறு எனப் பல பெயர்களில் அது வரப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும், வாங்கிய பயிர்க்கடனில் ஒரு பகுதி வண்ணச் சீட்டு ஒட்டிய புட்டிகளுக்கே போய்விடுகிறது என்று அங்கத்தினர்கள் கூறக் கேட்கையில், சில வார்த்தைகள் சொல்லாதிருக்க இயலவில்லை.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு டன் நெல் விளையப் பயிர் ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. பஞ்சகவ்யத்தை 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் வீதம் கலந்து தெளிக்கச் சொல்கிறார்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்றால், செலவாகும் பஞ்சகவ்யம் 6 லிட்டரே. அந்த ஆறு லிட்டரும் முழுக்கத் தழைச்சத்தாகவே இருந்தாலும் ஒரு டன் நெல்லுக்குக் காணாது. ஆகவே, அடியுரத்தையும் தொழுவுரத்தையும் நிறுத்திவிட்டு இலையை மட்டும் நனைப்பவர் ஏமாறுவது நிச்சயம். சக்கம்பட்டி நெசவாளர் இதை எளிதில் உணர்வர். பாவுக்கு இடும் கஞ்சி இழைக்கு வலு தரும், அதுவே நூலாகிவிடாது.

அப்படியானால் இதனால் பயன் என்ன? இலை சிறிதளவே உண்ணும், ஆனால் விரைவில் உண்ணும். நுண்சத்துக் குறைந்து வெளிறிய பயிரையும், வேர் சோர்ந்திருக்கும் பயிரையும் தேற்ற அதுவே போதும். நொதித்த கரைசலில் உள்ள நுண்ணுயிர்களும் வளர்ச்சி ஊக்கிகளும் துணை நிற்கின்றன. கொடுமுடி மருத்துவர் நடராஜன் அவர்கள் பஞ்சகவ்யத்தைப் பயிருக்கென வகுத்தளித்த பின், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் முறையைத் தன் பரிந்துரைகளில் ஏற்றுக்கொண்டது. நெல்லுக்கு நடவு செய்த 10, 15, 30, 50ஆம் நாட்களில் தெளிக்கலாம் என்பது அப்பரிந்துரை.

தெளிக்கும் முறையில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது. உச்சி வெயிலில் தெளித்தால் துளி இலையில் ஊறுமுன் உலர்ந்துவிடும். காலையும் மாலையுமே ஏற்ற வேளை. இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும். வாழையிலையோ மெழுகு பூசியது போன்றது, நீர் உருண்டோடிவிடும். சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் ஒட்டும். உயரமான வாழைக்குப் பாசன நீரில் கலந்து விடுவதே மேல் என்பது நம் அபிப்பிராயம். ஏக்கருக்கு 20 லிட்டர் வேண்டும். கரைசலை வடிகட்டாமல் ஊற்றித் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்வதும், தாமிரப் பூஞ்சாணக்கொல்லியோடு கலந்து நுண்ணுயிர்களை நாமே கொன்றுவிடுவதும் அன்றாடக் காட்சிகள்.

இங்கு வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போருக்கும் கீரை பயிரிடுவோருக்கும் தனியே ஒரு வார்த்தை. வெற்றிலை அடுப்பேறாமல் வாய்க்குப் போகும் பொருள். சாணமும் கோமியமும் சேர்ந்த கரைசலை அதன்மேல் தெளிப்பது சுகாதாரத்துக்கு ஏற்றதன்று. வேரில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். இதை எந்த வியாபாரியும் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

இனிச் சங்கத்தின் பங்கு. 7 கிலோ சாணம், 1 கிலோ நெய், 10 லிட்டர் கோமியம், 10 லிட்டர் நீர், 3 லிட்டர் பால், 2 லிட்டர் தயிர், 3 லிட்டர் இளநீர், 3 கிலோ வெல்லம், 12 பூவன் பழம்: இவற்றுள் நம் ஊரில் கிடைக்காதது எது? சாணத்தையும் நெய்யையும் பிசைந்து மூன்று நாள் வைத்து, கோமியமும் நீரும் சேர்த்துப் பதினைந்து நாள் காலை மாலை கலக்கி, பின் மற்றவற்றைச் சேர்த்தால் முப்பதாம் நாள் தயார். நிழலில், வலைத்துணி மூடிய அகன்ற மண்தாழியிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ வைக்க வேண்டும். உலோகப் பாத்திரம் ஆகாது. வடித்தெடுத்தால் நாலு ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்குக் காணும். நெய்யும் பாலும் வாங்கும் செலவு தனி ஒருவருக்குச் சுமை. இருபது பேர் பகிர்ந்தால் அது சுமையன்று. கலக்கும் முறையை வாரத்துக்கு ஒருவர் ஏற்கலாம். யார் கலக்கவில்லை என்பதை வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்!

தெளிப்பான் விஷயத்தில் மிகுந்த கண்டிப்பு தேவை. களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் சரிவரக் கழுவாமல் இதற்கு எடுக்கக் கூடாது. 2,4-டி களைக்கொல்லியின் மிச்சம் சிறிதிருந்தாலும் திராட்சையும் பருத்தியும் தக்காளியும் சுருண்டுவிடும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பள்ளத்தாக்கில் இது அற்ப விஷயமன்று. சங்கம் இயற்கை உரத்துக்கென்றே ஒரு தெளிப்பானை ஒதுக்கி, வேறு நிறம் பூசி வைப்பது நலம்.

புட்டியில் வாங்கியே தீர வேண்டுமென்போர், உற்பத்தியாளர் முகவரி, அடங்கிய பொருள், காலாவதித் தேதி ஆகியவற்றைப் பார்த்து ரசீதுடன் வாங்குக. 2021இல் மத்திய அரசு உயிர் ஊக்கிகளையும் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. ரசீது கையில் இல்லாதவருக்கு அந்த ஆணையால் பயன் சொற்பமே. எதை வாங்கினாலும், வயலில் நாலு வரிசையைத் தெளிக்காமல் விட்டு, அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போட்டுச் சங்கப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பருவத்துக்குக் கடன் மனு எழுதும்போது, புட்டிச் செலவைச் சேர்ப்பதா நீக்குவதா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்தே நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம்.