தகரத்தில் வந்த சிங்கம்

சென்ற இதழில் பழைய கார் வாங்கும்போது பார்க்க வேண்டியவை பற்றி எழுதியிருந்தோம். இம்முறை பியர் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் ஆசிரியர் கொஞ்சம் யோசித்தார். பிள்ளைகளும் அம்மாமாரும் வாசிக்கிற புத்தகம் அல்லவா. குடிக்காதவர்களுக்கும் தேவையான விஷயம் ஒன்று இதற்குள் இருக்கிறது, ஆகையால் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சும் பியர்களைப் பற்றியே கதைப்பான். ஒன்றில் தோடம்பழ மணமாம், இன்னொன்றில் பைன் மரத்து மணமாம். ஒரே ஆலையின் பியர்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு வாய் குடித்துப் புள்ளி போடுவார்களாம், பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி. ஒருநாள் எங்களைப் பார்த்து, "உங்கட நாட்டில பியர் இருக்கோ?" என்று கேட்டான்.

இருக்கிறது, உன்னுடைய கனடா 1867இல் ஒரு நாடாவதற்கு முன்னமே அங்கே காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள் என்றோம். அவன் நம்பவில்லை. நம்பாதவனுக்கு ஊத்திக் காட்டுவதுதான் முறை.

கதை நுவரெலியாவில் தொடங்குகிறது. சாமுவேல் பேக்கர் என்ற இங்கிலாந்துக்காரர், பின்னாளில் 1864இல் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டவர் என்று பெயர் எடுத்தவர், அந்தக் குளிர் மலையில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை உண்டாக்கலாம் என்று ஆட்களையும் மாடுகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1849இல் அங்கே தனக்கென்று பியர் காய்ச்சியிருக்கிறார். முறையான ஆலை 1881இல் வந்தது. அதுதான் இன்றைய லயன் பியரின் வேர். பார்லியும் ஹொப்ஸும் இலங்கையில் விளையாது. எல்லாம் கப்பலில் வந்து, பிறகு மலை ஏற வேண்டும். தண்ணீரும் குளிரும் மட்டுமே உள்ளூர்ச் சாமான். கடைசியில் இந்த மலை ஏற்றச் செலவு கட்டாமலோ என்னவோ, 1990களின் முடிவில் ஆலையைக் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவுக்கு இறக்கிவிட்டார்கள். 2016 மே மாத வெள்ளத்தில் அந்தப் பியகம ஆலைக்குள் தண்ணீர் புகுந்து மாதக் கணக்காகக் காய்ச்சல் நின்றது. மலையிலேயே இருந்திருந்தால் வெள்ளம் எட்டியிராது என்று எங்களில் ஒருவர் சொல்லுவார். அவர் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், அப்படித்தான் சொல்லுவார்.

நாங்கள் நாலு பேர் அஜின்கோர்ட்டில் மிட்லண்ட் வீதியை ஒட்டிய ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருக்கிறோம். இரண்டு பேர் வடமராட்சி, ஒருவர் மன்னார், ஒருவர் மலைநாடு. மேல்தட்டில் வீட்டுக்காரக் குடும்பம். மாகாண அரசின் எல்சிபிஓ மதுக்கடையில் விசாரித்து, இரண்டு லயன் லாகரும் இரண்டு லயன் ஸ்ரவுட்டும் வாங்கி வந்தோம். எல்லாம் 500 மில்லிலீற்றர்த் தகரம். எல்லாக் கிளையிலும் இந்தச் சாமான் இராது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். இன்னொன்றும் புதிதாக வந்தவர்கள் கவனிக்கவேண்டும்: 19 வயதுக்குக் குறைந்தவர் வாங்க முடியாது, எங்களைப் போல மெலிந்த முகக்காரரிடம் அடையாள அட்டை கேட்பார்கள், அதற்குக் கோபிக்கக் கூடாது. உடைத்த தகரத்தைக் காருக்குள் வைத்து ஓடினால் அதுவும் குற்றம், குடித்தது நீங்களோ பக்கத்து ஆளோ என்று பார்க்க மாட்டார்கள்.

பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது வாசலில் மேல்வீட்டு அண்ணை பிடித்துக்கொண்டார்.

"என்னடாப்பா, சிங்கம் போட்ட சாமானைக் காசு குடுத்து வாங்குறியளோ?"

எங்களுக்கு உடனே மறுமொழி வரவில்லை. 2009க்குப் பிறகு அந்த நாட்டுச் சாமான் எதையும் வீட்டுக்குள் எடுக்காதவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள், அவர்கள் இழந்தது எங்களுக்குத் தெரியும். அவர்களோடு வாதாட நாங்கள் வரவில்லை. ஆனால் அண்ணை அன்றைக்குப் பின்னேரம் எங்களுக்குத் தந்த தேத்தண்ணீர்ப் பெட்டியின் மூலையில், வாளோடு நிற்கிற அதே சிங்கம் இருந்ததைத் தோட்டத்துக்காரர்தான் முதலில் கண்டார். "என்ர அம்மா கிள்ளின கொழுந்தாயும் இருக்கும் அண்ணை" என்றார். அண்ணை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி வந்து எங்களோடு குந்தினார். குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டு இருந்தார்.

முதலில் லாகர். பழக்கத்தில் எவர்சில்வர்ப் பேணியில் ஊத்திவிட்டோம், நிறம் தெரியவில்லை. பிறகு அண்ணையின் மனுசி மேலேயிருந்து கண்ணாடி கிளாஸ் தந்தா. வைக்கோல் நிறம், நுரை சீக்கிரமே அடங்கிவிட்டது. லாகர் என்றால் ஜேர்மன் மொழியில் சேமித்து வைப்பது என்று பொருள். குளிரிலே மெதுவாகப் புளிக்க விட்டு, வாரக் கணக்கில் வைத்து எடுப்பது. உலகத்தில் கூடுதலாக விற்கிற பியர் இந்த வகைதான். லயன் லாகரில் அற்ககோல் 4.8 சதவீதம். மிகவும் குளிராகக் குடிக்க வேண்டும், சூடேறினால் ஈரச் சோள மாவு மாதிரி ஒரு வாசம் வந்துவிடுகிறது. கொஞ்சம் இனிப்பு, கைப்பு மிகக் குறைவு. மிக்சரோடும் உறைப்பு மரவள்ளிப் பொரியலோடும் நன்றாகப் போகிறது, தனியே குடிக்க ஒன்றுமில்லை. இங்கத்தைய சாதாரணப் பியருக்கு மேலும் இல்லை கீழும் இல்லை. மன்னார்க்காரர் மட்டும் இதைக் குறைத்துச் சொல்ல விடவில்லை. ஏஜென்சிக்காரனை நம்பிக் கொட்டாஞ்சேனை லொட்ஜில் நாலு மாதம் கிடந்தபோது, பயணத்துக்கு முதல்நாள் இரவு வாழ்க்கையில் முதற்தடவையாகக் குடித்த பியர் இதுதானாம். அன்றைக்கு அது கொதிநீர் மாதிரிச் சூடாக இருந்ததாம். எங்கள் புள்ளி 10க்கு 5. அவருடைய புள்ளி 9. அவர் புள்ளியைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆனால் அழிக்கவும் மனம் வரவில்லை.

ஸ்ரவுட்டைக் குளிர்ப்பெட்டியிலிருந்து அரை மணி முன்னதாக வெளியே எடுத்து வைக்கச் சொன்னது அந்த வெள்ளைக்காரப் பொடியன். உறைகுளிரில் இதன் மணம் மூடிக்கொள்ளும் என்றான். சரியாகத்தான் சொன்னான். ஊத்தும்போதே அறை முழுக்க வாசம். கறுப்பென்றால் அசல் கறுப்பு, கிளாஸை லைற்றுக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. நுரை பழுப்பு நிறம், கோப்பி நுரை மாதிரி. தானியத்தைக் கருகும்வரை வறுத்துப் போடுவதால் வருகிற நிறமும் மணமும் இது.

எங்களுக்கு வந்த மணத்தைச் சொல்ல வெள்ளைக்காரனின் சொற்கள் உதவவில்லை. வடமராட்சி ஆட்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது கருப்பநீர் காய்ச்சுகிற தாச்சி. பாகு இறுகும்போது அடியில் கொஞ்சம் பிடித்துப் போகுமே, அந்தக் கருகின பனங்கட்டி மணம். அதற்குப் பின்னால் சுக்குக் கோப்பி. பிறகு வாயில் காய்ந்த முந்திரிகைப் பழம், கடைசியில் ஒரு கைப்பு நாக்கின் அடியில் நெடுநேரம் நிற்கிறது. கள்ளிலே இருக்கிற புளிப்பும் உயிரும் இதில் இல்லை, தவறணையில் பிளாவில் வாங்கிக் குடித்தவர்கள் அதைத் தேடி ஏமாற வேண்டாம். தொதலை ஒரு துண்டு கடித்துவிட்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டலும் பரவாயில்லை, தொதல்தான் பொருத்தம்.

இந்த ஸ்ரவுட்டை உலகத்துக்குச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். பாட்டுக்காரர் அல்ல, அதே பெயரில் இங்கிலாந்தில் இருந்த பியர் எழுத்தாளர், 2007இல் காலமானார். ஆலை நுவரெலியாவில் இருந்த காலத்தில் அங்கே போய்க் குடித்துப் பார்த்துப் பாராட்டி எழுதினார். அதன் பிறகுதான் வெளிநாட்டுப் பியர் பிரியர்கள் தேடத் தொடங்கினார்கள். நாங்கள் நாட்டை விட்டு வந்த பிறகு, ஒரு வெள்ளைக்காரர் எழுதித்தான் எங்களுக்கும் தெரிகிறது.

எங்கள் லைனில் வேலை செய்யும் ஜமேக்கா நாட்டு மனிதரும் அன்று ஒரு போத்தல் ட்ராகன் ஸ்ரவுட்டோடு வந்திருந்தார். இரண்டும் அண்ணன் தம்பி. வெப்ப நாடுகளிலே ஸ்ரவுட்டை இப்படி இனிப்பாகவும் கடுமையாகவும் காய்ச்சுவது வழக்கமாம், அயர்லாந்துக் கின்னஸ்கூட இந்த நாடுகளுக்கென்று கடுமையான ஒரு வகை வைத்திருக்கிறது. அவர்கள் ஊரில் ஸ்ரவுட்டுக்குள் ரின்பாலும் சாதிக்காயும் கலந்து, உடம்புக்குச் சத்து என்று குடிப்பார்களாம். நாங்கள் சிரித்தோம். எங்கள் ஊரிலே முட்டை அடித்துக் குடிப்பார்கள் என்று சொன்னதும் அவரும் சிரித்தார். ஸ்ரவுட்டுக்கு எங்கள் புள்ளி 10க்கு 8.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறோம். தகரத்தைத் திருப்பிப் பாருங்கள். லயன் ஸ்ரவுட்டில் 8.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கனடாவில் 'ஒரு குடி' என்று சுகாதாரக்காரர் கணக்குப் பண்ணுவது 341 மில்லிலீற்றர், 5 சதவீதப் பியர். அதில் தனி அற்ககோல் 17 மில்லிலீற்றர். எங்கள் ஸ்ரவுட் தகரத்தில் 44. அதாவது ஒரு தகரம் இரண்டரைப் பியருக்கும் கொஞ்சம் மேலே. கையில் இருப்பது ஒன்று, வயிற்றில் போவது இரண்டரை. இனிப்பு அதை மறைத்துவிடுகிறது. அதனால்தான் அன்றைக்கு நாலு தகரத்தையும் நாலு பேர் பங்கிட்டோம். ஆளுக்கு இரண்டு குடி, மாலை முழுக்க. ஒருவரும் வெளியே போகவில்லை.

இதை நாங்கள் படித்த விதம் நல்ல விதம் அல்ல. போன மாரியில் எங்களில் ஒருவர், யார் என்று எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், ஒரு பிறந்தநாள் வீட்டில் இதே ஸ்ரவுட் இரண்டு தகரம் குடித்தார். "ரெண்டு பியர்தானே" என்று இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுக் காரை எடுத்தார். அவர் குடித்தது ஐந்து. ஷெப்பேர்ட் வீதியில் பொலிஸார் மறித்துச் சோதித்தார்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றால் கிரிமினல் குற்றம். ஒன்ராறியோவில் 50க்கு மேலேயே பத்திரத்தைப் பறிப்பார்கள். அவர் 80க்குச் சற்றுக் கீழே நின்றார். சாரதிப் பத்திரம் சில நாட்களுக்குப் போனது, தண்டப்பணம், காரும் அங்கேயே நின்றது. இரவு ஷிப்ற்றுக்கு நேரத்துக்குப் போக முடியாமல், ஏஜென்சி அந்தக் கிழமையே வேறு ஆளைப் போட்டுவிட்டது. ஜி1, ஜி2 பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு எல்லை பூச்சியம், ஒரு மிடறுகூடக் கூடாது. இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் ஜி2 என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்னும் சில மில்லிகிராம் கூடியிருந்தால் வந்திருக்கக்கூடியதைப் பிறகு சட்டம் தெரிந்த ஒருவர் விளங்கப்படுத்தினார். 2018 டிசம்பர் 18 முதல், குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை 5 வருடத்திலிருந்து 10 வருடமாக உயர்ந்திருக்கிறது. நீதிமன்றம் கடைசியில் வெறும் தண்டப்பணம்தான் போட்டாலும், குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றங்களின் பட்டியலில் விழுகிறது. நிரந்தர வதிவுரிமை எடுத்தவருக்கே அது பறிபோகலாம். எங்கள் ஆளின் விண்ணப்பம் அப்போதுதான் உள்ளே போயிருந்தது. அவருடைய மனுசியும் பிள்ளையும் இன்னும் ஊரில். அன்றிரவு அவர் பேஸ்மென்ற் படியில் சப்பாத்தைக் கழற்றாமல் விடியும்வரை இருந்தார், நாங்களும் பக்கத்தில் இருந்தோம், ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

ஸ்ரவுட் சத்து என்ற கதையையும் விட்டுவிடுகிறோம் என்று நினைக்கக் கூடாது. நாங்கள் சுவைத்துக்கொண்டிருந்தபோது மேல்வீட்டு அம்மா, அண்ணையின் தாயார், படியில் நின்று எட்டிப் பார்த்தா.

"தம்பியவை, அதில அரைக் கிளாஸ் தாங்கோ. பிள்ளைப்பெத்தவளுக்குக் குடுத்தால் பால் ஊறும்."

மேலே அவவின் பேத்தி, பிள்ளை பிறந்து 20 நாள். மறுக்க எங்களுக்கு வாய் வரவில்லை, பெரிய மனுசி. மறுத்தது அண்ணையின் மனுசிதான்: "மாமி, கிளினிக் நேர்ஸ் சொன்னவ, தாய் குடிக்கிறது பாலுக்குள்ளையும் போகுமாம். பால் கூடவும் மாட்டுதாம்." அம்மா நம்பவில்லை. நாங்கள் பிறந்தபோது அப்படித்தான் கொடுத்தார்கள் என்றா. பிறகு ஒரு துண்டுத் தொதலை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டா.

வெள்ளைக்காரப் பொடியனுக்கென்று ஒரு கிளாஸ் ஸ்ரவுட் ஒதுக்கி வைத்திருந்தோம். அவன் ஏழு மணிக்கு பஸ்ஸில் வந்தான். ஒரு வாய் குடித்தான், கண்ணை மூடினான், பிறகு தகரத்தைக் கையில் எடுத்துச் சிங்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். 9 புள்ளி என்றான். தொதல் என்ன என்று கேட்டான், மூன்று துண்டு சாப்பிட்டான்.

வெறுந்தகரம் நாலும் ட்ராகன் போத்தலும் கழுவி வைத்திருக்கிறோம். பியர் ஸ்ரோரில் கொடுத்தால் ஒன்றுக்கு 10 சதம், எல்லாமாக 50 சதம். மேல்வீட்டு அம்மா அதைத் தனக்குத் தரச் சொல்லிவிட்டா. அடுத்த இதழில் பனிச் சப்பாத்து வாங்குவது பற்றி எழுதுவோம்.