ரூபாயின் மார்பிலே ஒரு யானை

சின்னாட்களுக்கு முன் நமது மாணவனொருவன் ஒரு துணி முடிச்சைக் கொணர்ந்து நம் மேஜைமேல் அவிழ்த்தான். அவனுடைய பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த ஐந்து வெள்ளி ரூபாய்கள். "உருக்கினால் எவ்வளவு வெள்ளி தேறும், ஸார்?" என்றான். வீட்டில் கலியாணமாம், கொலுசு செய்யத் தட்டானிடம் கொடுக்க உத்தேசமாம்.

கணக்கு எளிது. 1835-ம் வருஷத்துச் சட்டப்படி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. யுத்த காலத்தில், 1940-ல், சர்க்கார் அதைச் சரிபாதியாகக் குறைத்தது. பையன் கொணர்ந்தவை ஐந்தும் அதற்கு முந்தியவை. கணக்கைச் சொல்லிவிட்டு, "உருக்குமுன் ஒருமுறை பார்த்துவிடுவோமே" என்று பூதக்கண்ணாடியை எடுத்தோம்.

இரண்டு ரூபாய்களில் 1840 என்ற ஆண்டு இருந்தது. இரண்டும் ஒன்றென்றே யாரும் சொல்வர். ஆனால் ஒன்றில் 'விக்டோரியா ராணி' என்னும் ஆங்கில எழுத்துக்கள் தலையைச் சுற்றி இடையறாது ஓடுகின்றன. மற்றொன்றில் அவை தலைக்கு இருபுறமும் பிரிந்து நிற்கின்றன. முன்னது முந்திய அச்சு, பின்னது பிந்தியது. பிந்திய அச்சிலும் மறுபுறத்து இலைவளையத்தின் கனிகளை எண்ணினால், சிலவற்றில் 28, சிலவற்றில் 35 என்று வேறுபடும்.

ஆண்டு மட்டும் ஏன் மாறவில்லை? பழைய ஆண்டுக் காசுக்குச் சராப்புக் கடையில் வட்டம் கழிப்பது அக்கால வழக்கம். அதைத் தடுக்க, 1793 முதலே கம்பெனியார் வங்காள ரூபாயில் ஷா ஆலம் பாதுஷாவின் 19-வது ஆட்சியாண்டை மாற்றாமல் பொறித்து வந்தனர். அந்த வழக்கமே பின்னும் தொடர்ந்தது போலும். 1858-ல் கம்பெனி ஆட்சி ஒழிந்தது; ஆயினும் 1862 வரையில் கம்பெனியின் பெயரும் 1840 என்ற ஆண்டும் தாங்கிய ரூபாயே நம் ஜனங்களின் கையில் விழுந்துகொண்டிருந்தது. ஆட்சி போன பிறகும் முத்திரை போகவில்லை!

மூன்றாவது ரூபாயில் 1862. இதுவும் நம்பத்தகாத ஆண்டே. 1874 வரை இதே எண்ணைப் பொறித்தார்கள். ஆனால் பம்பாய்த் தங்கசாலையார் ஆண்டின் மேலும் கீழும் கடுகினும் சிறிய புள்ளிகளை இட்டனர். காசு உண்மையில் அடிக்கப்பட்ட ஆண்டை அப்புள்ளிகள் குறித்தன என்பது நாணய ஆராய்ச்சியாளரின் முடிவு. எண் மறைத்ததைப் புள்ளி சொல்லிவிடுகிறது.

இவ்விடத்தில் நமது மூடத்தனம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இளமையில் நம் தந்தையாரின் பெட்டியில் இத்தகைய 1862 ரூபாய் ஒன்றைக் கண்டெடுத்தோம். கறுத்திருந்தது. புளியும் சாம்பலும் இட்டு ஒரு பகற்பொழுது முழுதும் தேய்த்தோம். பளபளவென்று ஆயிற்று. பல்லாண்டுகள் கழித்துப் புள்ளிகளின் செய்தி அறிந்து அதை எடுத்துப் பார்த்தபோது, புள்ளி இருந்ததா, இல்லையா என்று சொல்ல முடியாதபடி அவ்விடம் வழவழத்துக் கிடந்தது. பழங்காசைத் தேய்க்காதீர்கள். இரு விரலால் விளிம்பைப் பிடித்துக் காலை வெயிலில் சற்றே சாய்த்துப் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் தாமே தெரியும்.

எஞ்சிய இரண்டும் ஐந்தாம் ஜார்ஜின் ரூபாய்கள்: ஒன்று 1911, மற்றது 1912. அரசர் அணிந்த ஆரத்திலே ஒரு சிறு யானை உண்டு. 1911-ல் வெட்டிய அச்சிலோ, அதன் துதிக்கை மிகக் குறுகிப் போனமையால் அது பன்றிபோல் தோன்றிற்று. பன்றியை விலக்குவோர் பலர் வாழும் தேசம் இது. அந்த உருவை மன்னர் மார்பில் வைத்து ஊரெங்கும் வழங்கலாமா என்று ஜனங்கள் முறுமுறுத்தனர். 1857-ல் தோட்டாக் கொழுப்பு எழுப்பிய தீயை அதிகாரிகள் மறந்திருக்க முடியுமா? கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடித்த சுமார் 94 லட்சம் ரூபாய்களில் ஏறக்குறைய 7 லட்சமே வெளிவந்தன, மற்றவை உருக்கப்பட்டன. 1912-ல் யானை நீண்ட துதிக்கையுடன் திரும்பி வந்தது. டில்லியில் தர்பார் கூட்டி முடிசூட்டு விழாக் கொண்டாடிய அதே 1911-ல் வெளிவந்த காசு இது. ஆயுதமின்றி, வெறும் கண்ணால் உற்று நோக்கிய சாமானிய ஜனங்களின் பேச்சுக்குச் சக்கரவர்த்தியின் தங்கசாலை பணிய நேர்ந்தது.

இவற்றையெல்லாம் பையனுக்குச் சொல்லி, "உருக்குவதும் உருக்காததும் உங்கள் வீட்டார் இஷ்டம், பாட்டியிடம் மட்டும் சொல்லிவிடு" என்று அனுப்பினோம். கலியாணத் தேவை பெரிது. உபதேசத்தால் கொலுசு வாராது என்பதை நாம் அறிவோம்.

மறுநாள் வந்து சொன்னான்: நான்கு ரூபாய்கள் தட்டானிடம் போயினவாம். 1911-ம் வருஷத்து ரூபாயைப் பாட்டி திரும்ப வாங்கிச் சுருக்குப்பையில் முடிந்துகொண்டாளாம். "ராஜா மார்பிலேயே பிழை கண்டுபிடித்த காசாமே! அது என்னோடு இருக்கட்டும்" என்றாளாம்.

நம் கண்ணாடி கண்டதைவிட அக்கிழவி கண்டது அதிகம் என்றே நமக்குத் தோன்றுகிறது.