அடங்கலில் இல்லாத விவசாயி

மழை பொய்த்தது, விவசாயி கடனாளியானார் என்று எழுதுவது நமக்குச் சுலபம். வானத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது அல்லவா? 'காலநிலை மாற்றம்' என்ற சொல்லையும் இப்போது இதற்கே பயன்படுத்துகிறோம். அந்த மாற்றம் பொய் என்று நான் சொல்லவில்லை. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. இரண்டே வருடத்தில், 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. எல்லாம் உண்மை. ஆனால் ஒரே வறட்சி, ஒரே வயல். ஒரு குடும்பத்துக்குக் கடன் ஏறுகிறது, இன்னொரு குடும்பத்துக்கு வங்கியில் பணம் ஏறுகிறது. இதற்கும் வானம்தான் காரணமா?

அந்த இன்னொரு குடும்பம் எங்களுடையது.

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். நான் பெங்களூரில் கோடு எழுதுகிறேன். அப்பா தஞ்சாவூரில் பென்ஷனில் இருக்கிறார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பல வருடங்கள். காகிதம் எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். 2016இல் ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. சம்பாவுக்கு அவர் நேரடி விதைப்பு செய்தார். விதை, உழவு, உரம், களைக்கூலி எல்லாம் அவர் வாங்கிய கடன். பயிர் கருகியது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். மூன்று ஏக்கருக்கு 16,395 ரூபாய். வந்து சேர்ந்தது அப்பாவின் கணக்கில்.

ஊருக்குப் போனபோது கேட்டேன், "அண்ணே, ஒங்களுக்கு எதுவும் வரலையா?"

"பட்டா ஐயா பேர்ல, அடங்கலும் ஐயா பேர்ல. எனக்கு எப்படித் தம்பி வரும்?"

அதில் புகாரே இல்லை. அந்த வருடம் அவர் மனைவியின் தோடு அடகுக்கடையில் மூழ்கிப்போனது. மூத்த பையன் திருப்பூருக்கு பஸ் ஏறினான். அப்பாவிடம் கேட்டால், "அந்த வருஷம் குத்தகை நெல்லு நான் கேக்கவே இல்லையே!" என்றார். அதைப் பெருந்தன்மை என்றே அவர் நம்புகிறார்.

அடங்கல் என்பது எந்த சர்வே எண்ணில் யார் என்ன பயிரிட்டார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதவேண்டிய பதிவேடு. கூட்டுறவு வங்கியின் பயிர்க்கடன், காப்பீடு, நிவாரணம் எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் சேரலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் ஆதாரமாகக் காகிதம் கேட்கிறது. எங்கள் தொழிலில் ஒரு டேட்டாபேஸில் தவறான பெயர் இருந்தால் அதை 'பக்' என்போம், டிக்கெட் போட்டுச் சரிசெய்வோம். இது பக் அல்ல. பெயர் இப்படி இருப்பதில் பலருக்கு லாபம் இருக்கிறது. என் குடும்பத்துக்கும்.

சட்டம் இல்லாமலா? 1955இலேயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம். பதிந்துவிட்டால் ஆளைக் கிளப்ப முடியாது என்று நில உரிமையாளருக்குப் பயம். அதனால் பதிவு கேட்கிறவருக்கு அடுத்த போகம் நிலம் கிடையாது. அவரும் கேட்பதில்லை. பாதுகாக்க வந்த சட்டமே அவரை வாய்மூட வைத்திருக்கிறது.

விவசாயத்தில் மோதல் என்றால் நமக்கு உடனே காவிரி ஞாபகம் வரும். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பஸ்கள் எரிந்தபோது நானும் அறைக்குள் பயந்துதான் கிடந்தேன். ஆனால் டிவியில் வராத மோதல் நிலம் வைத்திருப்பவருக்கும் உழைப்பவருக்கும் இடையில் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று இதே டெல்டாவின் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்; அதற்குப் பின்னால் இருந்தது கூலி உயர்வு கேட்ட போராட்டம். இந்த மண்ணில் உரிமை கேட்பது என்னவாக முடியும் என்று சொல்லிக்கொடுக்க வேறு பாடம் வேண்டியதில்லை. அவர் குரலில் புகார் இல்லாததைப் பொறுமை என்று நாம் கதை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"சின்ன நிலக்காரனும் ஏழைதானே?" என்பார்கள். நியாயம்தான். விதவைகள், முதியவர்கள் பலருக்கு அந்தக் குத்தகை நெல்தான் சோறு. அவர்கள் நிலத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆந்திராவில் 2019இல் ஒரு சட்டம் வந்தது: நில உரிமை கைமாறாமல், பதினொரு மாத ஒப்பந்தத்தில் சாகுபடியாளருக்கு அட்டை. அதைக் காட்டிக் கடனும் காப்பீடும் கேட்கலாம். அதிலும் ஓட்டை உண்டு. உரிமையாளர் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை. அந்த ஓட்டையை அடைத்து இங்கே கொண்டு வரலாம். எந்த வயலில் யார் விதைத்தார் என்பது ஊரில் டீக்கடை வரைக்கும் தெரியும். அரசுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?

போன பொங்கலுக்கு அப்பாவிடம் பதிவு செய்யச் சொன்னேன். "நீ நிலத்தத் தொலச்சிட்டுத்தான் ஓய்வ" என்றார். அடங்கலில் இன்னும் அவர் பெயர்தான். அடுத்த புயலுக்கோ வறட்சிக்கோ பணம் அவருக்குத்தான் வரும். அவருக்குப் பிறகு எனக்கு. அப்போது நானும் காலநிலை மாற்றத்தைப் பற்றி உருக்கமாக ஒரு கட்டுரை எழுதக்கூடும். தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த வருடம் வயலில் விதைத்தது யார் என்று மட்டும் கேளுங்கள்.