தெருவின் தோற்றமும் குற்றமும்

குப்பை குவிந்த தெருவில் குற்றமும் குடியேறும் என்பது நகரவாசிகளிடையே வேரூன்றியுள்ள அபிப்பிராயமாகும். பெங்களூர் நகரில் இதற்கு இடமளிக்கும் காட்சிகளுக்குக் குறைவில்லை. 2012ஆம் ஆண்டில் மாவள்ளிபுரத்துக் குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது, நகரின் கழிவு செல்ல இடமின்றித் தெருமுனைகளில் தேங்கிற்று. அதன் பின்னரும், குப்பை வண்டியைத் தவறவிட்டவர்கள் பையைக் கட்டி வீசிச் செல்லும் மூலைகள் மறைந்தபாடில்லை. மாநகராட்சி ஊழியர் இவற்றை ‘பிளாக் ஸ்பாட்’ என்றே வழங்குவர்.

இவ்வபிப்பிராயத்திற்குக் கொள்கை வடிவம் அளித்தவர்கள் ஜேம்ஸ் கியூ. வில்சன், ஜார்ஜ் கெல்லிங் என்னும் அமெரிக்க அறிஞர்கள். உடைந்த ஜன்னலைப் பழுதுபாராமல் விட்டால், கேட்பாரில்லை என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பிற ஜன்னல்களும் உடைபடும். நாளடைவில் பெருங்குற்றமும் நுழையும் என்று 1982இல் அவர்கள் எழுதினர். பிலிப் ஜிம்பார்டோ 1969இல் வெளியிட்ட பரிசோதனையை அதற்குச் சான்றாகக் காட்டினர். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கேட்பாரற்று நிறுத்தப்பட்ட காரைப் பத்தே நிமிடங்களில் கழற்றத் தொடங்கினர். முதலில் கை வைத்தவர்கள் தகப்பன், தாய், சிறுமகன் அடங்கிய ஒரு குடும்பத்தார்! பாலோ ஆல்டோ நகரில் நிறுத்திய காரையோ ஒரு வாரத்திற்கு மேலாகியும் எவரும் தொடவில்லை. ஆராய்ச்சியாளரே சம்மட்டியால் அடித்துத் தொடங்கி வைத்த பின்னரே பிறர் சேர்ந்துகொண்டனர். இரண்டு கார்களை நம்பி ஒரு மாநகரின் போலீஸ் கொள்கையை வகுப்பது துணிச்சலான காரியம். எனினும் 1990களில் நியூயார்க் சிறு மீறல்களையும் கடுமையாகத் தண்டித்தது. அங்கே குற்றம் குறைந்தது உண்மையே. ஆனால் அவ்வழியைக் கைக்கொள்ளாத பிற அமெரிக்க நகரங்களிலும் அதே ஆண்டுகளில் குற்றம் குறைந்தது.

சிறு பிழைகளைப் பொறுத்தமட்டில் இக்கொள்கையில் சாரம் உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடத்திய பரிசோதனைகள் 2008இல் வெளியாயின. ஐந்து யூரோ நோட்டு வெளியே தெரியும்படி ஓர் உறை தபாற்பெட்டியில் செருகப்பட்டது. பெட்டி சுத்தமாக இருந்தபோது கடந்து சென்றவர்களுள் 13 சதவிகிதத்தினர் உறையைத் திருடினர். பெட்டியின் மீது கிறுக்கியிருந்தபோது 27 சதவிகிதத்தினரும், சுற்றிலும் குப்பை கிடந்தபோது 25 சதவிகிதத்தினரும் திருடினர். சுவரில் தெய்வப் படம் பதித்த ஓடுகளை ஒட்டி அசுத்தத்தைத் தடுக்கும் நம்மூர் வழக்கமும் இதே மனப்பாங்கை அறிந்து எழுந்ததே.

வழிப்பறி, கொலை போன்றவற்றின் கதை வேறு. ராபர்ட் சாம்சன், ஸ்டீபன் ராடன்புஷ் ஆகியோர் சிகாகோவில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தெருப்பகுதிகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, 1999இல் முடிவை வெளியிட்டனர். வறுமையும், அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நம்பிப் பொதுக் காரியத்தில் தலையிடும் வழக்கம் குன்றியதுமே ஒழுங்கின்மைக்கும் குற்றத்திற்கும் பொதுவான வேர்கள் என அவர்கள் கண்டனர். வழிப்பறியில் மட்டும் நேர்த்தொடர்பு ஓரளவு தென்பட்டது. 2004இல் அவர்களே மற்றோர் உண்மையையும் காட்டினர். ஒரே அளவு அசுத்தமுள்ள தெருக்களிலும், கறுப்பினத்தாரும் ஏழைகளும் மிகுந்து வாழும் தெருவே அதிகச் சீர்கேடானதாகப் பார்ப்போர் கண்ணுக்குப் பட்டது. பார்வையே நடுநிலை தவறுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெங்களூரில் இவ்வாறு தவறாகப் பார்க்கப்படுவோர், தோளில் சாக்குடன் விடியற்காலையில் தெருத்தெருவாகச் செல்லும் கழிவு பொறுக்குவோரே. நகரின் அசுத்தத்தில் ஒரு பங்கைக் கூலியின்றி அகற்றுபவர்கள் அவர்கள். இருந்தும் திருடர் என்ற ஐயத்திற்கு முதலில் ஆளாவோரும் அவர்களே. கள ஊழியர் படிவத்தில் ‘சீர்கெட்ட பகுதி’ என்று குறிக்கும்போதும், ஆசிரியர் ஒரு பேட்டையின் பெயரைக் கேட்டுப் பிள்ளையை எடைபோடும்போதும் நிகழ்வது இதே தவறாகும்.

எனவே திருத்த வேண்டுவது இடத்தையே. பிலடெல்பியாவில் 541 வெற்று மனைகளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, சீட்டுப்போட்டாற்போல் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, குப்பையகற்றிப் புல்லும் மரமும் நட்டுத் தாழ்ந்த மரவேலி இட்டனர். மிக வறிய பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவிகிதம் குறைந்ததாக 2018இல் வெளியான முடிவு கூறுகிறது. இதற்காக எவரும் சிறை செல்லவில்லை. பெங்களூரில் 2010 முதல் ‘தி அக்லி இந்தியன்’ என்னும், பெயர் வெளியிடாத தன்னார்வலர் குழு இதையொத்த வழியில் செல்கிறது: குவியலை அகற்றுதல், சுவருக்கு வண்ணம் பூசுதல், செடித்தொட்டி வைத்தல், கடைக்காரரையும் பௌரகார்மிகரையும் கலந்து பேசுதல். இவற்றுள் கடைசியானதே கடினம். பலன் நிலைப்பதும் அதனால்தான். 2025 அக்டோபரில், குப்பை வீசியவர் வாசலிலேயே அதைத் திரும்பக் கொட்டும் முறை கையாளப்பட்டது. வெட்கம் உண்டாகலாம், வண்டி வரும் நேரம் அதனால் மாறுவதில்லை.

மூலையொன்றை ஆராயச் செல்லும் ஊழியர் குறிக்க வேண்டியவை, வண்டி வரும் நேரம், எரியாத விளக்கு, மூடாத சாக்கடை, மனையின் உரிமையாளர் யார் என்பன. அங்கே சாக்குடன் நிற்பவரையும் விசாரிக்கலாம். எந்த வீட்டுக் குப்பை எப்பொழுது வருகிறது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் இல்லை. 2011இல் பெங்களூர் மாநகராட்சி இத்தொழிலாளருக்கு அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது. போலீசார் தடுத்து நிறுத்தினால் எடுத்துக் காட்டுவதற்கு அதுவரை அவர்களிடம் யாதொன்றும் இருக்கவில்லை.